புன்னைக்காயல் சேற்றுக் குறிப்புகள்

ஜனவரி 30, 2025, வியாழன்

நேற்று தை அமாவாசை. ஏற்றமும் வத்தமும், அதாவது கடல் தண்ணீர் ஏறுவதும் வடிவதும், பெரிதாக இருப்பது அமாவாசை அன்றைக்கே அல்ல, அதற்கு அடுத்த ஓரிரு நாளில். அதனால்தான் இன்று வந்தேன். பெரிது என்றாலும் மன்னார் வளைகுடாவில் அது ஒரு மீட்டரைத் தாண்டாது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் கடல் பத்து மீட்டர் ஏறி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு கணக்கே இல்லை. ஆனால் தாமிரபரணி கடலில் கலக்கும் இந்த இடத்தில் தரைக்குச் சரிவு என்பதே பெயருக்குத்தான். 500-க்கு 1 என்று சரிவை வைத்துக்கொண்டால், அரை மீட்டர் தண்ணீர் இறங்க 250 மீட்டர் சேறு வெயிலுக்கு வந்துவிடும்.

செருப்பைப் படகில் போட்டுவிட்டு இறங்கினேன். ஓடை ஓரத்தில் கால் புதையவில்லை, நறநறவென்று மணல். அலையாத்திகள் நிற்கும் பக்கம் போகப் போகக் கணுக்கால் இறங்கியது, பிறகு முழங்கால். தண்ணீர் எங்கே எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைக் காலே சொல்லிவிடுகிறது. வேகம் இருக்கும் ஓடையில் மணல் மட்டும் தங்கும். மேட்டில் தண்ணீர் வந்து தயங்கி நிற்பதால் மாவு போன்ற வண்டல் அங்கே படியும்.

அலையாத்தி ஓரமாக தரைக்குப் போடும் ஓடு ஒன்றைச் சேற்றோடு சமமாகப் பதித்து, பக்கத்தில் ஒரு கம்பு நட்டேன். மேலே எவ்வளவு படிகிறது என்று பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது. படகுக்கார அண்ணாச்சி மட்டும், “ஓட்டை எவனாவது தூக்கிட்டுப் போயிருவான் சார், வீட்டுக்கு ஆவும்லா” என்றார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வீட்டில் ஒரு சின்ன சோதனை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கு மேலே ஆற்றில் எடுத்த தண்ணீர் ஒரு பாட்டிலில், முகத்துவாரத் தண்ணீர் இன்னொன்றில். இரண்டிலும் ஒரே வண்டலை ஒரு தேக்கரண்டி போட்டுக் குலுக்கி ஜன்னலில் வைத்தேன். முதலில் இரண்டும் ஒரே காவி நிறம். கொஞ்ச நேரத்தில் உப்புத் தண்ணீர் பாட்டிலில் பால் திரிந்த மாதிரி சின்னச் சின்ன திப்பிகள் தோன்றி, ஆடிக்கொண்டே இறங்க ஆரம்பித்தன. மதியச் சாப்பாட்டுக்குள் மேல்பாதி தெளிந்துவிட்டது. ஆற்றுத் தண்ணீர் ராத்திரி வரை கலங்கலாகவே இருந்தது.

காரணம் இதுதான். களிமண் துகள்களின் முகப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு, அதனால் நன்னீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கும். உப்பிலுள்ள சோடியம், மக்னீசிய அயனிகள் அந்த விலக்கத்தை அடக்கிவிடுகின்றன. அப்புறம் மோதிய துகள்கள் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். 2 மைக்ரான் துகள் தனியாக ஒரு மீட்டர் ஆழம் இறங்க மூன்று நாளுக்கு மேல் ஆகும். கடலிலோ ஏற்றம் நின்று வத்தம் தொடங்கும் இடைவெளி அதிகம் போனால் ஒரு மணி நேரம். தனித்துகளுக்கு அந்த அவகாசம் எந்த மூலைக்கு? திப்பியாகச் சேர்ந்தால்தான் அது அந்த நேரத்துக்குள் தரையைத் தொடும். உப்பு இல்லையென்றால் பொதிகை மலையின் மண்ணில் பாதி இங்கே நிற்காமல் ஆழ்கடலுக்கே போயிருக்கும்.

பிப்ரவரி 6, வியாழன்

வளர்பிறை பாதி நிலா. தண்ணீர் சும்மா பெயருக்கு ஏறி இறங்கியது. அலையாத்தி மேட்டுக்கு எட்டவே இல்லை. ஓட்டின் மேல் ஒன்றுமில்லை, நண்டு உருட்டிப் போட்ட மண் உருண்டைகளைத் தவிர. உள்ளான் பறவைகள் ஏராளம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம், கிரேக்கர்கள் ‘கொல்கோய்’ என்று எழுதி வைத்த ஊர். இன்றைக்குக் குளமும் வன்னி மரமும் வாழைத் தோட்டமுமாக இருக்கிறது. கடல் ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே. கொற்கை தூர்ந்த பிறகு துறைமுகம் பழையகாயலுக்கு நகர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்த காயல் அதுதான் என்றும், ஆற்று வண்டலே இரண்டு ஊரையும் உள்நாட்டுக்குத் தள்ளியது என்றும் கால்டுவெல் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். பழையகாயலும் தூர்ந்து போக, போர்த்துக்கீசியர் காலத்தில் புன்னைக்காயல் தலையெடுத்தது.

“கடல் பின்வாங்கிட்டு” என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் சம்மதமில்லை. கடல் எங்கேயும் போகவில்லை, கரைதான் அதன் மேல் நடந்து போயிருக்கிறது. ஆறு கொண்டுவந்து போட்டதைக் கடல் வாரிக்கொண்டு போகாமல் ஒவ்வொரு ஏற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பக்கமே திருப்பித் தள்ளியிருக்கிறது. ஏன் தள்ளுகிறது என்பதுதான் கேள்வி. வந்த தண்ணீர் அத்தனையும் திரும்பிப் போகிறதே, மண் மட்டும் ஏன் போவதில்லை?

பிப்ரவரி 14, வெள்ளி

பௌர்ணமி முடிந்து இரண்டு நாள். ஏற்றத்தோடு படகில் உள்ளே போனோம். ஒரு திப்பியை மனசில் வைத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய்ப் பார்க்கிறேன்.

ஏற்றத்தில் அது கரைப்பக்கம் வருகிறது. மேடு நெருங்க நெருங்க ஓட்டம் தளர்கிறது, திப்பி இறங்க ஆரம்பிக்கிறது. ஆனால் நேராக விழுவதில்லை. இறங்கும்போதே தண்ணீர் அதை இன்னும் உள்ளே கொண்டுபோகிறது. ஆகவே ஓட்டம் கைவிட்ட இடத்துக்கும் மேற்கே போய் உட்காருகிறது. இனி வத்தம். மிதப்பதை ஏந்திக்கொண்டு போவதைவிடப் படிந்ததைக் கிளப்ப அதிக வேகம் வேண்டும். மேட்டில் அந்த வேகம் வருவதற்குள் தண்ணீரே வடிந்துவிடுகிறது. அப்படியே கிளம்பினாலும் தாமதமாகக் கிளம்புவதால் பழைய இடம்வரை திரும்பிப் போக நேரமில்லை. தினம் இரண்டு ஏற்றம், இரண்டு வத்தம், ஒவ்வொரு முறையும் ஒரு சிறு லாபம் கரைக்கு. 1950-களில் வடகடல் ஓரத்து வாடன் சேற்றுவெளியில் வான் ஸ்ட்ராட்டன், கியூனென் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் விளக்கிய சங்கதி இது. இங்கே காயல் பக்கம் வந்து பார்த்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஆழம் குறைந்த இடத்தில் ஏற்றத்தின் முகடு, வத்தத்தின் பள்ளத்தைவிட வேகமாகப் பயணிக்கும். அதனால் ஏறும் நேரம் சுருங்கி, ஓட்டம் கடுக்கும். இறங்குவது நிதானமாக நடக்கும். வேகமாக வரும் தண்ணீர் அதிக மண்ணைச் சுமந்து வரும். மழைக்காலத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். ஆற்று நீர் வத்தத்தோடு சேர்ந்து வெளியே தள்ளும். இப்போது மாசி, ஆற்றில் அவ்வளவாகத் தண்ணீர் இல்லை, கடல் கைதான் ஓங்கியிருக்கிறது. முகத்துவாரத்தில் மணல் திட்டு வளர்ந்து படகு தட்டுகிறது என்று அண்ணாச்சி புலம்புவதும் இந்தக் காலத்தில்தான்.

வத்தத்தில் ஓட்டைப் பார்த்தோம். மேலே வழவழவென்று ஒரு படலம், நகத்தால் வழித்தால் நகக்கண் நிறைகிற அளவு. அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டு, “இம்புட்டுக்கா சார் இந்தப் பாடு?” என்றார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வெயிலில் சேற்றின் மேல் பொன்னும் பழுப்புமாக ஒரு பூச்சு. டயட்டம் என்னும் ஒற்றைச் செல் பாசிகள். தண்ணீர் வடிந்ததும் வெளிச்சத்துக்காக மேலே ஏறி வருகின்றன, ஏற்றத்துக்கு முன்பே மறுபடி சேற்றுக்குள் இறங்கிவிடுகின்றன. நகர்வதற்காக இவை விடும் பசைதான் வண்டலைப் பிணைக்கிறது. பூச்சு இருந்த இடத்தில் கையால் தண்ணீரை அடித்தேன், கலங்கவில்லை. இரண்டடி தள்ளி நண்டு கிளறிப்போட்ட இடத்தில் அடித்தால் உடனே புகைந்தது. ஒன்று கட்டுகிறது, ஒன்று அவிழ்க்கிறது. நண்டைக் குறை சொல்லவும் முடியாது, அதன் வளை வழியாகத்தான் அலையாத்தி வேருக்குக் காற்று போகிறது.

மார்ச் 2, ஞாயிறு

பழையகாயல் பக்கம், கைவிட்ட ஓர் உப்பளப் பாத்தி. முன்பு அங்கே வேலை பார்த்த அக்கா ஒருவர் மண்வெட்டி கொடுத்து உதவினார். பாத்தி மிதித்து மிதித்துக் காய்த்துப்போன பாதம் அவருக்கு. வரப்போரத்தில் நேர்க்குத்தாக வெட்டினோம்.

மேலே ஒரு சாண் கனத்துக்கு ஒரே நிறத்தில் மண். வரி கிடையாது, நடுவில் வாழைச் சருகும் பனை நாரும். “இது அந்த மார்கழி வெள்ளம் போட்டது” என்றார் அக்கா. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணி கரை கொள்ளாமல் வந்த நாட்கள். அதற்குக் கீழே தாள் தாளாக வரிகள், ஒன்று வெளுப்பு, ஒன்று கறுப்பு. விரல்கடைக்குள் எண்ண முடியாத அளவுக்கு. அவை ஓதத்தின், அதாவது இந்த ஏற்ற வத்தத்தின் வேலை.

அந்த வரிகளுக்கான மண்ணும் எப்போதோ ஒரு வெள்ளத்தில் வந்ததுதான். ஓதம் மண்ணை உண்டாக்குவதில்லை, வந்ததை அரித்துப் பிரித்து இடம் மாற்றி வைக்கிறது. ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள், மேலே பாபநாசமும் மணிமுத்தாறும். அவற்றில் மண்ணும் தங்குகிறது. மிச்சத்தை லாரியில் அள்ளியவர்கள் கதை தனி. கொற்கையை உள்நாடாக்கிய வரத்து இப்போது இல்லை. பெருவெள்ளம் வந்தால் ஒரு சாண், இல்லையென்றால் நகக்கண்.

வெட்டிய பக்கத்தில் ஒரு பிடியை டப்பாவில் அடைத்துக்கொண்டேன், வரி கலையாமல். “அதை வச்சு என்ன செய்யப் போறிய?” என்று அக்கா கேட்டார். காயவைத்துப் பிளந்து வரி எண்ணப் போகிறேன் என்றேன். சித்திரைக்குப் பிறகு கச்சான் என்னும் மேல்காற்று எடுக்கும். அதற்குள் ஓட்டை ஓடையின் தென்கரைக்கு மாற்ற வேண்டும், அங்கே அரிப்பு என்கிறார் அண்ணாச்சி.