பழைய டெமோக்களைத் துடிப்பு தவறாமல் ஓட்டுவது எப்படி?

கமடோர் 64, அமிகா, 486 செயலி கொண்ட பிசி போன்ற பழைய கணினிகளுக்காக எழுதப்பட்ட டெமோக்களைச் சில ஆண்டுகளாக, அந்தக் கணினிகளைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் நிரல்களில் ஓட்டிப் பார்த்துவருகிறேன். டெமோ என்பது விளையாட்டு அன்று. பார்ப்பவர் அதில் எதையும் அழுத்த வேண்டியதில்லை, வெல்ல வேண்டியதும் இல்லை. இந்தக் கணினியால் இதையும் செய்ய முடியும் என்று காட்டுவதற்காகவே எழுதப்பட்ட நிரல் அது. அதன் படமும் இசையும் ஓடும் அந்த நொடியிலேயே கணக்கிடப்பட்டு வெளிவருகின்றன. 1980களில் விளையாட்டுகளின் நகல் பாதுகாப்பை உடைத்தவர்கள் தங்கள் பெயரைப் பொறிக்கச் சேர்த்த சிறு முகப்புகளிலிருந்து இந்தக் கலை பிறந்து, பிறகு அந்தச் சூழலிலிருந்து விலகித் தனக்கெனப் போட்டிகளையும் கூடல்களையும் அமைத்துக்கொண்டது. ஃபின்லாந்து 2020ஆம் ஆண்டிலும் ஜெர்மனி 2021ஆம் ஆண்டிலும் இதைத் தங்கள் நாட்டின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தன.

இப்படிப்பட்ட ஒன்றைப் பதிவிறக்கி, எமுலேட்டர் நிறுவும்போது இருந்த அமைப்புகளை மாற்றாமல் ஓடவிட்டு, இவ்வளவுதானா என்று மூடிவிடுபவர்கள் பலர். அவர்கள் பார்த்தது பெரும்பாலும் டெமோவின் குலைந்த வடிவத்தைத்தான். எந்தக் கணினிக்காக எழுதப்பட்டதோ அதன் வேகம், ஒலிச் சில்லு, திரைப் புதுப்பிப்பு ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் டெமோ டெமோவாக இருக்கும். அசல் கணினியையே வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். சிங்கப்பூரில் அது எளிதன்று. பழம்பொருள் தேடி அலைவதற்கு இருந்த சுங்கை ரோடு சந்தை 2017ஆம் ஆண்டு ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. இங்குள்ள ஈரப்பதத்தில் பழைய நெகிழ்வட்டுகளில் பூஞ்சை பிடித்துவிடுகிறது. தோ பாயோவில் இருக்கும் என் நான்கறை வீட்டில் கண்ணாடிக் குழாய்த் திரைக்கு இடம் ஒதுக்குவதும் கடினம். எமுலேட்டர்தான் வழி என்றால், அதைச் சரியாக அமைக்கும் பொறுப்பும் நம்முடையதாகிறது.

பலரும் முதலில் தேடுவது 'செகண்ட் ரியாலிட்டி'யைத்தான். ஃபின்லாந்தின் ஃபியூச்சர் க்ரூ குழு 1993ஆம் ஆண்டு அசெம்ப்ளி கூடலில் வெளியிட்டு முதல் பரிசு பெற்ற டெமோ அது. அதன் மூல நிரல் இருபது ஆண்டுகள் கழித்து, 2013இல், அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. திறந்து பார்த்தால் அது ஒற்றை நிரலாக இல்லை; தனித்தனியே எழுதப்பட்ட பல பாகங்களை ஒரு பொது இடைமுகம் இசையோடு இணைத்து வரிசையாக ஓட்டுகிறது. இதை, டாஸ் காலப் பிசியைப் போலச் செய்யும் டாஸ்பாக்ஸ் எமுலேட்டரில் அப்படியே ஓட்டினால் தள்ளாடும். காரணம், டாஸ்பாக்ஸின் பழைய பதிப்புகளில் 'சைக்கிள்ஸ்' என்ற அமைப்பு தானியங்கியாக இருக்கும். ரியல் மோடில், அதாவது செயலியின் பழைய இயக்க முறையில், ஓடும் நிரலுக்கு அது ஒரு மில்லிநொடிக்கு 3000 கட்டளைகளை மட்டுமே ஒதுக்கும். 486ஐ மனத்தில் வைத்து எழுதிய டெமோவுக்கு அது எந்த மூலைக்கும் போதாது. 20,000க்கும் 30,000க்கும் இடையில் ஓர் எண்ணை நிலையாக வைத்தால் பாகங்கள் இசையின் தாளத்தில் வந்து விழுகின்றன. வேகத்தை உச்சத்தில் வைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட அக்கால நிரல்கள் பல, தொடங்கும்போது கணினியின் வேகத்தை அளந்து பார்க்கும்; வேகம் மிகுந்தால் அந்த வகுத்தல் கணக்கின் விடை இடம் கொள்ளாமல் போய், 'ரன்டைம் எரர் 200' என்ற வரியோடு நின்றுவிடும். வேகத்தைக் குறைத்தாலே அவை எழுந்து ஓடுகின்றன.

ஒலியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. டாஸ்பாக்ஸைத் தொடங்கியதும் மேலே ஒரு வரியில் ஏ220 ஐ7 டி1 என்று தெரியும். அது சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையின் முகவரி, குறுக்கீட்டு எண், நேரடி நினைவக அணுகல் எண் ஆகியவை. சிம் வோங் ஹூ 1981இல் சிங்கப்பூரில் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி, 1989இல் உலகச் சந்தைக்கு அனுப்பிய அட்டை அது. அவர் 2023ஆம் ஆண்டு ஜனவரியில் காலமானார். உலகில் எவர் எந்த டாஸ் எமுலேட்டரை எழுதினாலும், இந்தத் தீவில் உருவான அட்டையின் நடத்தையைப் பதிவகம் பதிவகமாகப் படித்து நகலெடுத்தே ஆக வேண்டியிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆயினும் டெமோ எழுதியவர்கள் பலர் மிகவும் விரும்பியது கனடாவிலிருந்து வந்த கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் அட்டையைத்தான். சவுண்ட் பிளாஸ்டரில் இசையின் எல்லாத் தடங்களையும் கணினியின் செயலியே கலந்து ஒரே ஓடையாக்கி அனுப்ப வேண்டும். அல்ட்ராசவுண்டிலோ ஒலித் துணுக்குகளை அட்டையின் சொந்த நினைவகத்தில் ஏற்றிவிட்டால் 32 குரல்கள் வரை அதுவே கலந்துகொள்ளும்; மிச்சமாகும் செயலி நேரம் முழுவதும் படத்துக்குக் கிடைக்கும். எமுலேட்டரிலும் இந்த வேறுபாடு மறைவதில்லை. சைக்கிள்ஸ் எண்ணைச் சற்றுக் குறைவாக வைத்து, 'செகண்ட் ரியாலிட்டி'யின் தொடக்கப் பட்டியலில் ஒருமுறை சவுண்ட் பிளாஸ்டரையும் மறுமுறை அல்ட்ராசவுண்டையும் தேர்ந்து ஓட்டிப் பாருங்கள். டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் அல்ட்ராசவுண்டை நீங்களே இயக்கிவைக்க வேண்டியிருக்கும். கனமான பாகங்களில் அசைவு எவ்வளவு சீராகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

நான் மிகுதியாக நேரம் செலவிடுவது கமடோர் 64இல்தான். பிசி டெமோக்களில் வேகம் ஏறத்தாழப் பொருந்தினால் போதும். இங்கே செயலிக் கடிகாரத்தின் ஒரு துடிப்பு பிசகினாலும் படம் உடையும். ஐரோப்பாவின் பால் தொலைக்காட்சி முறைக்கான கமடோர் 64இன் படச் சில்லு ஒவ்வொரு வரியையும் 63 துடிப்புகளில் வரைகிறது. ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு முழுத் திரைப் படத்துக்கு, 312 வரிகள். ஆகமொத்தம் 19,656 துடிப்புகள். அமெரிக்காவின் என்டிஎஸ்சி வகையில் வரிக்கு 65 துடிப்புகள், 263 வரிகள், மொத்தம் 17,095. அமெரிக்க வகையின் கடிகாரம் சற்று வேகமானதுதான், ஆனால் ஒரு ஃபிரேமுக்குள் கிடைக்கும் நேரம் குறைவு. ஐரோப்பியர்கள் தங்கள் 19,656 துடிப்புகளையும் ஒன்றுவிடாமல் பயன்படுத்தி எழுதியதை என்டிஎஸ்சி அமைப்பில் ஓட்டினால் கோடுகள் நடுங்குகின்றன, சில இடங்களில் டெமோ அப்படியே நின்றும் விடுகிறது.

துடிப்புக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குத் திரையின் ஓரத்தைத் திறக்கும் வித்தையைச் சொல்கிறேன். கமடோர் 64இல் படத்தைச் சுற்றி ஒரே நிறத்தில் ஓர் ஓரம் இருக்கும்; அங்கே எதையும் வரைய முடியாது என்பதுதான் அதை வடிவமைத்தவர்களின் எண்ணம். எழுத்து வரிகள் 25 என்று அமைத்திருந்தால் கீழ் ஓரம் 251ஆம் வரியில் தொடங்கும். 24 என்று அமைத்திருந்தால் 247ஆம் வரியிலேயே தொடங்கும். சில்லு அந்தந்த வரிக்கு வரும்போது மட்டுமே ஓரத்தைத் தொடங்கலாமா என்று சோதிக்கிறது. ஆகவே 25 என்ற அமைப்பிலேயே 247ஐத் தாண்டிவிட்டு, 251 வருவதற்குள் 24க்கு மாற்றிவிட்டால், இரண்டு சோதனைகளும் தவறிப்போகின்றன. ஓரம் தொடங்குவதே இல்லை. அந்த வெற்றிடத்தில் ஸ்பிரைட்டுகள் எனப்படும் நகரும் சிறு உருவங்களை உலவவிடலாம்.

இதைக் கமடோருக்கான வைஸ் எமுலேட்டரில் கண்ணால் பார்க்கலாம். எக்ஸ்64எஸ்சி என்ற வகையில் டெமோவை ஓடவிட்டு, உள்ளேயே இருக்கும் மானிட்டர் என்ற சோதனைக் கருவியைத் திறந்து, படச் சில்லின் அமைப்பு எண்ணைத் தாங்கும் 53265 என்ற பதிவகத்தில் எழுதும் இடத்தில் நிறுத்தினேன். திரையை வரையும் கதிர் அப்போது 249ஆம் வரியில் இருந்தது. பதிவகத்தின் மதிப்பு 27இலிருந்து 19ஆக இறங்கியது. அந்த 8தான் 25 எழுத்து வரிக்கும் 24 எழுத்து வரிக்கும் இடையிலான ஒற்றை பிட். பிறகு, இந்த மாற்றத்தைச் செய்யச் செயலியை அழைக்கும் குறுக்கீடு எழ வேண்டிய வரி எண்ணை 249க்குப் பதில் 252 என்று நானே மாற்றித் தொடர்ந்து ஓடவிட்டதும், அடுத்த ஃபிரேமிலேயே ஓரம் மூடிக்கொண்டது. அங்கே நகர்ந்துகொண்டிருந்த எழுத்துகள் மறைந்தன. இடமும் வலமும் உள்ள ஓரங்களைத் திறப்பது இதைவிடக் கடினம். அங்கே ஒவ்வொரு வரியிலும் குறிப்பிட்ட ஒரே துடிப்பில் 53270 என்ற பதிவகத்தை மாற்ற வேண்டும். எட்டு வரிக்கு ஒருமுறை படச் சில்லு எழுத்துத் தரவை எடுப்பதற்காகச் செயலியைப் பாதிக்கு மேற்பட்ட நேரம் நிறுத்திவைக்கும் என்பதையும் கணக்கில் கொண்டே அதைச் செய்தாக வேண்டும். எட்டு வயதில் இக்கணினியைத் தொட்ட பிள்ளைகள் பதினெட்டு வயதில் இதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தினார்கள் என்பதில் எனக்குள்ள வியப்பு இன்னும் தீரவில்லை.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் ஒருமுறை, "சித்தப்பா, இதெல்லாம் யூடியூப்லயே இருக்கே, அங்கயே பார்க்கலாமே?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். காணொளியில் படத்தைப் பார்க்கலாம், நிறுத்தவும் செய்யலாம். ஆனால் நிறுத்திய இடத்தில் பதிவகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க முடியாது. எண்ணை மாற்றி, அதன் விளைவைக் காண முடியாது. மேலே சொன்ன 249ஐ 252 ஆக்கும் சோதனையை அவளையே செய்யச் சொன்னேன். அதன்பின் அவளாகவே 250, 251 என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள்.

கமடோரில் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. அதன் 1541 வட்டியக்கிக்குள்ளேயே தனிச் செயலி ஒன்று இருக்கிறது. டெமோக்கள் தங்கள் சொந்த ஏற்றி நிரலை அதற்குள் அனுப்பி, படம் ஓடும்போதே அடுத்த பாகத்தை வட்டிலிருந்து இழுக்கின்றன. ஆகவே வைஸில் வட்டியக்கியை முழுமையாகப் போலச் செய்யும் அமைப்பு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். அடுத்து, சிட் என்ற ஒலிச் சில்லில் 6581, 8580 என்று இரு வகைகள் உண்டு. ஒலியளவுப் பதிவகமான 54296ஐ வேகமாக மாற்றி மாற்றிப் பேச்சையும் முரசொலியையும் எழுப்பும் பழைய உத்தி 6581இல் உரக்கக் கேட்கும். 8580இல் கிட்டத்தட்ட மௌனம். டெமோவோடு வரும் குறிப்புக் கோப்பில் எந்தச் சில்லு என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள், படித்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் சரியாக அமைத்த பிறகும் நகரும் எழுத்துகள் திக்கித் திக்கி ஓடினால், குற்றம் திரையினுடையது. பால் முறைக் கணினி நொடிக்கு ஏறத்தாழ 50 ஃபிரேம்களைத் தருகிறது. நம் மேசைத் திரை 60 முறை புதுப்பிக்கிறது. ஐந்து ஃபிரேமுக்கு ஒன்று இருமுறை காட்டப்படுகிறது, அதாவது நொடிக்குப் பத்துத் தடுக்கல். நேர்த்தியான சுருள் எழுத்துதான் அக்கால டெமோவின் உயிர். அதில் இந்தத் தடுக்கல் தாங்க முடியாதது. சிங்கப்பூரின் பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பும் பால் முறையில் அமைந்ததுதான் என்பதால், இங்கு விற்கப்படும் தொலைக்காட்சிப் பெட்டிகள் 50 ஹெர்ட்ஸை இயல்பாகவே ஏற்கின்றன. கணினியை வரவேற்பறைத் தொலைக்காட்சியோடு இணைத்து 50 என்று அமைத்தாலே பாதி வேலை முடிந்தது. புதுப்பிப்பு வேகத்தை மாற்றிக்கொள்ளும் மேசைத் திரை இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பிசியின் விஜிஏ படமுறைக்கான டெமோக்கள் ஓடுவது 70 ஹெர்ட்ஸில்.

அமிகாவுக்கு வின்யுஏஇ அல்லது எஃப்எஸ்-யுஏஇ எமுலேட்டர் போதும். 1992ஆம் ஆண்டு டென்மார்க்கில் நடந்த 'தி பார்ட்டி' கூடலில் நார்வேயின் ஸ்பேஸ்பால்ஸ் குழு வெளியிட்ட 'ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்' போன்றவற்றுக்கு அமிகா 500, கிக்ஸ்டார்ட் 1.3 (அமிகாவின் உள்ளமை மென்பொருள்), 512 கிலோபைட் சிப் நினைவகம், கூடுதலாக 512 கிலோபைட் என்று அமைத்துவிடுங்கள். பிந்தைய அமிகா 1200ஐத் தேர்ந்தெடுத்தால் மேம்பட்டது என்று தோன்றலாம். பழைய டெமோக்கள் பல அதில் ஓடாது. கிக்ஸ்டார்ட் பதிப்புரிமை உள்ளது, உரிமம் பெற்ற நகலையே பயன்படுத்த வேண்டும்.

எமுலேட்டர் எழுதுபவர்களுக்கு டெமோக்கள்தான் கடுமையான தேர்வு என்பதை 2015இல் ரெவிஷன் கூடலில் வெளிவந்த '8088 எம்பிஎச்' காட்டியது. 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள முதல் ஐபிஎம் பிசியில், 16 கிலோபைட் நினைவகம் மட்டுமே உள்ள சிஜிஏ வரைகலை அட்டையில், 1024 நிறங்களை அது வரவழைத்தது. வெளிவந்தபோது எந்த எமுலேட்டராலும் அதைச் சரியாக ஓட்ட முடியவில்லை. டாஸ்பாக்ஸ் கட்டளைகளை எண்ணுகிறதே தவிர, ஒவ்வொரு கட்டளையும் எத்தனை துடிப்பு எடுக்கிறது, நினைவகப் புதுப்பிப்பு எந்தத் துடிப்பில் குறுக்கிடுகிறது என்றெல்லாம் கணக்கிடுவதில்லை. 2022இல் அதே கணினிக்கான 'ஏரியா 5150' டெமோ வந்து இன்னும் கடினமாக்கியது. அடுத்த ஆண்டு, 2023இல், மார்ட்டிபிசி என்ற எமுலேட்டர் இரண்டு டெமோக்களின் எல்லா வித்தைகளையும் ஓட்டிக்காட்டியது. டெமோ முதலில் வருகிறது. எமுலேட்டர் அதன் பின்னால் ஓடிப் பிடிக்கிறது. அந்த ஓட்டத்தில்தான் பழைய சில்லுகளின் எழுதப்படாத நடத்தைகள் எழுத்தில் ஏறுகின்றன.

அந்த 1024 நிறங்களும் என்டிஎஸ்சி தொலைக்காட்சிச் சமிக்ஞையைத் திரை பிரித்தெடுக்கும் விதத்திலிருந்து பிறப்பவை. பால் முறையை மட்டும் அறிந்த அக்காலச் சிங்கப்பூர்த் தொலைக்காட்சியில், அசல் ஐபிஎம் பிசியே கையில் இருந்தாலும் அவை தோன்றியிருக்க மாட்டா. மார்ட்டிபிசியில் காட்சி வகையைத் தொலைக்காட்சிச் சமிக்ஞையைக் குறிக்கும் காம்போசிட் என்று மாற்றியதும் சாம்பலும் கோடுமாய்க் கிடந்த படம் முகமாகவும் தோலாகவும் நிறம் கொள்கிறது. இதைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் அந்த அமைப்பை மாற்றாமல் ஒருமுறையும், மாற்றி ஒருமுறையும் '8088 எம்பிஎச்'ஐ ஓட்டிப் பாருங்கள்.