மிடில்டன் நெசவாளர்களின் பச்சைக் கொடி

போன சனிக்கிழமை பீட்டர்லூ நினைவிடத்துக்குப் போனேன். 1819-இல் ஓட்டுரிமை கேட்டுக் கூடியவர்கள் மேல் குதிரைப்படை பாய்ந்த இடம் அது. மான்செஸ்டர் சென்ட்ரல் கட்டடத்துக்குப் பக்கத்தில், வட்ட வட்டமாகக் கல்படிகள் அடுக்கிய ஒரு சின்னக் குன்று. இறந்தவர்களின் பெயர்களையும், மக்கள் புறப்பட்டு வந்த ஊர்களின் பெயர்களையும் படிகளில் வெட்டியிருக்கிறார்கள்.

வேலைக்காக இந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இத்தனை நாள் அந்தப் பக்கம் போக மனசு வரவில்லை. நான் சென்னிமலை நெசவாளர் வீட்டுப் பெண். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவின் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுப்பாடம் எழுதுவேன். மான்செஸ்டர் என்றால் கைத்தறியின் சோற்றைப் பறித்த மில் துணி என்று கேட்டே வளர்ந்தவளுக்கு, அந்த ஊர்ச் சரித்திரத்தின் மேல் கோபம்தான் இருந்தது.

ஆனால் 1819 ஆகஸ்ட் 16 அன்று இங்கே செயின்ட் பீட்டர்ஸ் மைதானத்தில் கூடிய சுமார் 60,000 பேரில் ஏராளமானவர்கள் கைத்தறிக்காரர்கள்! அது ஒரு திங்கட்கிழமை. மில்லில் வேலை பார்ப்பவர் மணி அடித்தால் போயாக வேண்டும். வீட்டில் தறி வைத்திருப்பவர் திங்கட்கிழமை நெய்யாமல் இருப்பது அங்கே பழைய வழக்கம். எங்கள் வீட்டில் அமாவாசையன்று தறி ஓடாது, அது மாதிரி.

இயந்திரம் முதலில் வந்தது நூற்பதற்குத்தான். நூல் மலையாகக் குவிந்தது, அதை நெய்ய ஆள் போதவில்லை. கூலி நன்றாக இருந்த அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் தறியில் உட்கார்ந்தார்கள். அப்புறம் ஆள் பெருகி, கூலி பாதிக்கும் கீழே போனது. நெப்போலியனோடு நடந்த போர் முடிந்த 1815-லேயே, வெளிநாட்டுத் தானியம் மலிவாக உள்ளே வராமல் தடுக்கச் சட்டம் போட்டார்கள். நிலம் வைத்திருந்தவர்களின் நாடாளுமன்றம் அது. கூலி இறங்க, ரொட்டி விலை மட்டும் இறங்கவில்லை. இதைக் கேட்க மான்செஸ்டருக்கென்று ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. ஆள் நடமாட்டமே இல்லாத ஓல்டு சாரம் என்ற மேட்டுக்கு இரண்டு பேர்!

அன்று வந்த கூட்டங்களில் என் மனசைப் பிடித்தது மிடில்டன்காரர்கள். அப்போது பட்டு நெய்த பக்கத்து ஊர். சாமுவேல் பாம்ஃபோர்டு என்ற நெசவாளர் முன்னால் நடந்தார். வரிசை கலையாமல் நடக்க முன்பே பழகியிருந்தார்கள். துவைத்த உடுப்பு. வயசானவர்கள், முடியாதவர்கள் தவிர யாரும் கையில் தடி வைத்திருக்கக் கூடாது என்று பேச்சு. அவர்கள் தூக்கி வந்த பச்சைப் பட்டுக் கொடி இன்னும் இருக்கிறது. நான் படத்தில்தான் பார்த்தேன். தங்க எழுத்தில் ஒரு பக்கம் 'ஒற்றுமையும் வலிமையும்', மறுபக்கம் 'சுதந்திரமும் சகோதரத்துவமும்'. தனியாக ஒரு கம்பின் உச்சியில், விடுதலையின் அடையாளமாகச் சிவப்பு வெல்வெட் தொப்பி. 30 வருஷத்துக்கு முன் பிரெஞ்சுப் புரட்சியில் பாரிஸில் கிளம்பிய வார்த்தைகளைத் தறிக்காரர்கள் பட்டில் எழுதி ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. கூட்டத்தைக் கண்காணித்த உள்ளூர் நீதிபதிகளுக்கு அதே வார்த்தைகள் அந்தப் புரட்சியில் தலை வெட்டிய கில்லட்டினை ஞாபகப்படுத்தின.

ஓட்டுரிமைக்காகப் பேச வந்த ஹென்றி ஹன்ட்டைக் கைது செய்யச் சொல்லி அவர்கள் குதிரைப்படையை அனுப்பினார்கள். முதலில் பாய்ந்தது உள்ளூர்த் தன்னார்வப் படை. மில் முதலாளிகள், வியாபாரிகள், கடைக்காரர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். ஒரே ஊரில் துணியை நெய்தவர் தரையில், விற்றவர் குதிரைமேல், கையில் வாளோடு. பின்னாலேயே ராணுவக் குதிரைப்படையும் வந்தது. மொத்தம் 18 பேர் இறந்ததாகக் கணக்கு. காயம்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில். முதல் சாவு வில்லியம் ஃபில்ட்ஸ், இரண்டு வயசு. ஓடி வந்த குதிரை மோதி அம்மா கையிலிருந்து விழுந்த குழந்தை. அந்தப் பெயருக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன்.

ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டு எல்லாம் சொன்னேன். அவர் தறியில் கயிறு இழுத்து அடிக்கும், குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவைக் கண்டுபிடித்த ஜான் கேயும் இந்தப் பக்கத்துக்காரர்தான், வருஷம் 1733 என்றேன்.

"அப்படியா!" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "செரி கண்ணு, அத்தனை பேரு செத்தாங்களே, அப்பறம் ஓட்டு வந்துச்சா?"

1832-இல் மான்செஸ்டருக்கு இரண்டு உறுப்பினர் கிடைத்தார்கள், ஆனால் வருஷ வாடகை பத்து பவுண்டாவது பெறும் வீட்டில் இருக்கும் ஆண்களுக்குத்தான் ஓட்டு, தறிக்காரர்களில் அநேகமாக யாருக்கும் இல்லை என்று சொன்னேன்.

"கூலி? அதாவது ஏத்திக் குடுத்தாங்களா?"

"இல்லீங்கப்பா. அதுக்குள்ள விசைத்தறி வந்துருச்சு."