மகனைப் பற்றிய செய்தி

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் வீட்டு மாடியில், ஞாயிறு மாலைகளில் நாங்கள் மூவர் அமர்ந்து சமயநூல்களை வாசிக்கிறோம். தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய் குர்ஆனோடும், ஓய்வுபெற்ற டீச்சரம்மா விவிலியத்தோடும் வருவார்கள். என் பங்குக்குக் கம்பராமாயணம். 1990களில் பீட்டர் ஆக்ஸ், டேவிட் ஃபோர்டு முதலிய யூத, கிறித்தவ அறிஞர்கள் தொடங்கி, பின்னர் இஸ்லாமியரும் இணைந்த ஒரு வாசிப்பு முறையைப் பற்றி அறிந்த பிறகு வந்த பழக்கம் இது. அதில் சிறு பகுதிகளை அருகருகே வைத்துப் படிப்பார்கள்; ஒத்த கருத்துக்கு வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘எல்லா மதமும் ஒன்றையே சொல்கிறது’ என்று பேச்சுக்குப் பேச்சு சொல்லி வந்தவன் நான்; எதையும் ஊன்றிப் படிக்காதவனுக்கு அது வசதியான வாக்கியம் என்று இப்போது தோன்றுகிறது.

சென்ற வாரம், அண்ணன்மார் விற்றுவிட்டு, இறந்துபோனதாகத் தகப்பன் யாக்கோபை நம்பவைத்த யோசேப்பின் கதையை எடுத்தோம். விவிலியத்தில், ஆதியாகமம் 37ஆம் அதிகாரத்தில், வெள்ளாட்டுக் கடாவின் இரத்தத்தில் தோய்த்த பலவருண அங்கியைப் பார்த்த யாக்கோபு, துஷ்டமிருகம் ஒன்று தன் மகனைத் தின்றுவிட்டது என்று நம்பி, ஆறுதலை ஏற்க மறுத்துத் துக்கம் காக்கிறார். யாக்கோபை யாகூப் என்றும் யோசேப்பை யூசுஃப் என்றும் சொல்லும் குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்திலோ, சட்டையில் இருப்பது பொய் இரத்தம். பிள்ளைகள் ஏதோ ஜோடித்துச் சொல்கிறார்கள் என்று யாகூப் நபி முகத்துக்கு நேரே கூறிவிட்டு, ‘ஸப்ருன் ஜமீல்’, அதாவது அழகிய பொறுமை என்கிறார். ‘சபர்’ தங்கள் வீட்டு உருதுவில் தினமும் புழங்கும் சொல் என்றும், அதனாலேயே அதன் கனம் இத்தனை நாள் தமக்கு உறைக்கவில்லை என்றும் பாய் சொன்னார்.

நான் தசரதனைக் கொண்டுவந்தேன். வெறுந்தேரோடு திரும்பிய சுமந்திரனிடம், ‘நம்பி சேயனோ அணியனோ’ என்று கேட்கிறான் அந்தத் தந்தை. தம்பியோடும் சீதையோடும் இராமன் கானகம் போய்விட்டான் என்று தேரோட்டி சொன்ன ‘போழ்தத்தே ஆவி போனான்’ என்று கம்பர் முடித்துவிடுகிறார்.

டீச்சரம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “பொய்யைக் கேட்ட தகப்பன் உயிரோடு இருந்து பிள்ளையைப் பார்த்தான், மெய்யைக் கேட்டவன் செத்துப்போனான், கவனித்தீர்களா தம்பி?” என்றார். எனக்கு மெய்சிலிர்த்தது. பாய் மட்டும் ஒப்பவில்லை. “எங்கள் யாகூப் நபி அந்தப் பொய்யை நம்பவே இல்லையே, டீச்சர். அழுதழுது கண் வெளுத்துப்போன பிறகும், யூசுஃபைத் தேடிப் போங்கள் என்றுதானே பிள்ளைகளை அனுப்பினார்?” என்றார். டீச்சரம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த ஆதியாகமப் பகுதியை மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.