மல்டிமீட்டரும் சுற்றுக்குள்தான் இருக்கிறது: கண்டன்சர் சார்ஜ் செய்து பார்த்த அனுபவம்

ஹாலில் இருக்கும் சீலிங் ஃபேனை ஐந்தில் வைத்தாலும் இரண்டில் ஓடுவது போலத்தான் ஓடியது. எலக்ட்ரீஷியன் வந்து, மெயினை அணைத்துவிட்டு ஏணியில் ஏறி, பழைய கண்டன்சரை (சார்ஜைப் பிடித்து வைக்கும் மின்தேக்கி) கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டினார். பத்து நிமிட வேலை. ஃபேன் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. போகும்போது பழையதை என் கையில் கொடுத்து, "இது வீக் ஆயிடுச்சு சார், அவ்வளவுதான்" என்றார்.

அந்த வார்த்தை மனதில் நின்றுவிட்டது. மேலே 2.5 மைக்ரோ ஃபாரட் என்று அச்சிட்டிருக்கிறது. எவ்வளவு சார்ஜைப் பிடித்து வைக்கும் என்பதற்கான அளவு அது. வீக் ஆனது என்றால் இப்போது எவ்வளவு? என்னிடம் இருப்பது சின்ன மஞ்சள் மல்டிமீட்டர். அதில் கண்டன்சரை அளக்கும் வசதி இல்லை. ஆனால் கரண்டைத் தடுத்து மெதுவாக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சார்ஜ் செய்து, எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்தால் அளவு தெரிந்துவிடும் என்று பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்தது. ஓமை ஃபாரடால் பெருக்கினால் வினாடி வரும். தடையையும் மின்தேக்கத்தையும் பெருக்கினால் நேரம் கிடைக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

ஃபேன் கண்டன்சர் மிகச் சிறியது. நொடிக் கணக்கில் முடிந்துவிடும். அதனால் முதலில் பெரிய கண்டன்சரில் கை பழகிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

முதல் நாள்

பொருட்கள் அதிகம் இல்லை. 9 வோல்ட் பேட்டரி ஒன்று. அளந்து பார்த்ததில் 9.20. மஞ்சள், ஊதா, ஆரஞ்சுக் கோடு போட்ட 47 கிலோ ஓம் ரெசிஸ்டர். 1000 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர். இந்த வகைக்குப் பிளஸ், மைனஸ் உண்டு. உடம்பில் பட்டை போட்டிருக்கும் பக்கம் மைனஸ். மாற்றிக் கொடுத்தால் சூடாகி வெடிக்கவும் கூடும் என்பதால் ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் பேட்டரியைத் தொட்டேன்.

கணக்குப்படி 47,000 ஓம் × 0.001 ஃபாரட் = 47 வினாடி. இப்படிப் பெருக்கி வரும் நேரத்தில் எப்போதும் 63.2 சதவீதம் ஏறும் என்பது விதி. அதாவது 47 வினாடியில் மொத்த வோல்டேஜில் 63.2 சதவீதம் ஏறியிருக்க வேண்டும்.

ஒன்பதாவது படிக்கும் மகள் போனில் ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு வினாடி சொன்னாள். நான் கண்டன்சரின் கால்களில் மாட்டிய மீட்டரைப் பார்த்து எழுதினேன். அவள் "முப்பது" என்று சொல்லி, நான் பார்வையை மீட்டருக்குக் கொண்டு போவதற்குள் எண் நகர்ந்துவிடுகிறது. இரண்டாவது முறை மீட்டரையும் கடிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இன்னொரு போனில் வீடியோ எடுத்துவிட்டோம். பிறகு நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொண்டேன். செய்து பார்க்கிறவர்கள் முதலிலேயே வீடியோவுக்குப் போய்விடுங்கள்.

இன்னொரு விஷயம். முதல் ஓட்டம் முடிந்ததும் கண்டன்சரின் இரண்டு காலையும் 100 ஓம் ரெசிஸ்டரால் சேர்த்து மீட்டரில் பூஜ்யம் பார்த்தேன். ரெசிஸ்டரை எடுத்த கொஞ்ச நேரத்தில் மீட்டர் தானாக 0.2 வோல்ட் வரை ஏறியது! உள்ளே இருக்கும் மின்காப்புப் படலம் கொஞ்சம் சார்ஜைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிறது. எலக்ட்ரோலிட்டிக்கில் இது சகஜம். அதன் பிறகு ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் ஐந்து நிமிடம் கால்களைச் சேர்த்தே வைத்திருந்தேன்.

கிடைத்த அளவுகள் இவை: 15 வினாடியில் 2.32 வோல்ட். 30-ல் 4.05. 45-ல் 5.28. 60-ல் 6.18. 90-ல் 7.37. 120-ல் 8.00. மூன்று நிமிடத்தில் 8.53. ஐந்து நிமிடத்தில் 8.72. அப்புறம் 8.74-ல் நின்றுவிட்டது.

முதல் அரை நிமிடத்தில் நான்கு வோல்ட் ஏறியது, மூன்றாவது நிமிடம் முழுவதும் சேர்த்தே அரை வோல்ட்தான் ஏறியிருக்கிறது. இரண்டு வாளியை அடியில் ஒரு சன்னமான குழாயால் இணைத்தால் இப்படித்தான் நடக்கும். ஒரு வாளியில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்கிறோம், இன்னொன்று காலி. மட்ட வித்தியாசம் அதிகமாக இருக்கும்போது தண்ணீர் வேகமாகப் பாய்கிறது. இரண்டாவது வாளி நிறைய நிறைய வித்தியாசம் குறைந்து பாய்ச்சலும் தளர்கிறது. குழாய்தான் ரெசிஸ்டர், காலி வாளிதான் கண்டன்சர்.

ஏறியதை விட்டுவிட்டு, ஏற வேண்டிய மீதியைக் கணக்குப் போட்டபோதுதான் அழகு தெரிந்தது. ஆரம்பத்தில் மீதி 8.74. 30 வினாடி கழித்து 4.69. அடுத்த 30-ல் 2.56. அப்புறம் 1.37. அப்புறம் 0.74. ஒவ்வொன்றையும் முந்தியதால் வகுத்தால் 0.54-ஐ ஒட்டியே வருகிறது. எங்கிருந்து தொடங்கினாலும், ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் மீதியில் ஏறக்குறைய பாதிக்குச் சற்று அதிகம்தான் மிஞ்சுகிறது. நோட்டில் அந்த நான்கு வகுத்தலையும் மகளே போட்டாள். நான்காவது விடையும் 0.54 என்று வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

8.74-ல் 63.2 சதவீதம் என்றால் 5.52 வோல்ட். வீடியோவில் அது 48.5 வினாடியில் வந்தது. கணக்கு 47. அன்றைக்கு மனநிறைவோடு தூங்கப் போனேன்.

இரண்டாம் நாள்

காலையில் நோட்டைத் திருப்பிப் பார்க்கும்போது 8.74 உறுத்தியது. பேட்டரி 9.20. மீதி 0.46 வோல்ட் எங்கே போனது? கண்டன்சர் நிறைந்துவிட்டால் கரண்ட் நின்றுவிட வேண்டும், ரெசிஸ்டரின் குறுக்கே வோல்டேஜ் இருக்கவே கூடாது. 0.46-ஐ 47,000-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9.8 மைக்ரோ ஆம்பியர். அவ்வளவு கரண்ட் எங்கேயோ ஓடிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

கண்டன்சர் கசிகிறது என்று நினைத்தேன். எலக்ட்ரோலிட்டிக் கசியும் என்று எல்லாரும் சொல்வார்கள். பெட்டியில் இருந்த இன்னொரு 1000 மைக்ரோ ஃபாரடை மாட்டினேன். அதுவும் 8.75-ல் நின்றது. இரண்டு கண்டன்சரும் ஒரே அளவுக்கா கசியும்? பேட்டரியைத் திரும்ப அளந்தேன், 9.20. ரெசிஸ்டரை மாற்றினேன், பயனில்லை.

மகள்தான் கேட்டாள்: "அப்பா, மீட்டரை எடுத்துட்டு கொஞ்ச நேரம் கழிச்சு வெச்சுப் பாருங்களேன். அது தொட்டுக்கிட்டே இருக்குல்ல?"

சரி என்று அதையே சோதனையாக வைத்தோம். கண்டன்சரை 8.7 வரை ஏற்றி, பேட்டரியையும் ரெசிஸ்டரையும் எடுத்துவிட்டோம். முதல் முறை மீட்டர் கம்பிகளை மாட்டியபடியே பத்து நிமிடம் விட்டோம். 4.9-க்கு இறங்கிவிட்டது. இரண்டாம் முறை மறுபடி 8.7 வரை ஏற்றி, மீட்டரையும் எடுத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து ஒரு நொடி மட்டும் தொட்டுப் பார்த்தோம். 8.2.

கண்டன்சர் கசிவது உண்மைதான், ஆனால் கொஞ்சம்தான். பெரும்பகுதியைக் குடித்தது மீட்டர். இந்த வகைச் சின்ன மீட்டருக்கு உள்தடை 10 லட்சம் ஓம், அதாவது 1 மெகா ஓம். விலை கூடின பல டிஜிட்டல் மீட்டர்களில் 10 மெகா ஓம் இருக்கும். 8.74 வோல்டை 1 மெகா ஓமால் வகுத்தால் 8.74 மைக்ரோ ஆம்பியர். காணாமல் போன 9.8-ல் மிஞ்சுகிற ஒரு மைக்ரோ ஆம்பியர்தான் கண்டன்சரின் சொந்தக் கசிவு. இரண்டாவது வாளியின் அடியில் நானே ஒரு ஓட்டை போட்டுவிட்டு, வாளி ஏன் நிறையவில்லை என்று தேடியிருக்கிறேன்.

மூன்றாம் நாள்

சந்தேகம் இருக்கக் கூடாது என்பதற்காக ஓட்டையைப் பெரிதாகக் காட்டும் சுற்று ஒன்றைப் போட்டேன். 1 மெகா ஓம் ரெசிஸ்டர், 100 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர். மீட்டரை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டால் 100 வினாடி, கடைசியில் 9.2 வோல்ட். மீட்டரைச் சேர்த்தால் இரண்டு 1 மெகா ஓமும் சமமாகப் பங்குபோட்டு 4.6-ல் நிற்க வேண்டும். நேரமும் பாதியாகி 50 வினாடி ஆக வேண்டும்.

4.46-ல் நின்றது. அதில் 63.2 சதவீதமான 2.82 வோல்ட் 52 வினாடியில் வந்தது.

நேரமும் ஏன் பாதியாகிறது என்பது எனக்கு உடனே பிடிபடவில்லை. ஓட்டை இருந்தால் வாளி நிறைய நேரம் அதிகம் ஆக வேண்டும் அல்லவா? வாளி போய்ச் சேர வேண்டிய மட்டமே தாழ்ந்துவிட்டது என்பதுதான் பதில். முதல் நொடியில் பாயும் கரண்ட் அதே 9.2 மைக்ரோ ஆம்பியர்தான், ஆனால் போக வேண்டிய தூரம் பாதி. அதனால் சீக்கிரம் போய்ச் சேர்கிறது. கண்டன்சரின் கால்களிலிருந்து பார்த்தால் ரெசிஸ்டரும் மீட்டரும் பக்க இணைப்பில் இருக்கும் இரண்டு பாதைகள்; இரண்டும் சேர்ந்து 5 லட்சம் ஓம்.

இது புரிந்ததும் முதல் நாள் கணக்கு என்ன ஆகிறது என்று பார்த்தேன். 47 கிலோ ஓமோடு 1 மெகா ஓம் பக்கத்தில் சேர்ந்தால் 44.9 கிலோ ஓம். அப்படியானால் நேரம் 45 வினாடி வந்திருக்க வேண்டும், வந்தது 48.5. ஆகவே என் கண்டன்சர் 1000 இல்லை, 1080 மைக்ரோ ஃபாரட். எலக்ட்ரோலிட்டிக்கில் 20 சதவீதம் கூடவோ குறையவோ இருப்பது வழக்கம். 8 சதவீதம் அதற்குள் அடங்கும். மீட்டர் நேரத்தைக் குறைத்தது, கண்டன்சர் நேரத்தைக் கூட்டியது. இரண்டு பிழையும் ஒன்றை ஒன்று தின்றதால்தான் விடை 47-க்கு அவ்வளவு பக்கத்தில் வந்தது. நேரத்தை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் சரி என்றே நம்பியிருப்பேன். கடைசியில் எங்கே நின்றது என்பதையும் எழுதி வைத்தது காப்பாற்றியது.

நான்காம் நாள்

ரெசிஸ்டரைச் சிறிதாக்கி, கண்டன்சரைப் பெரிதாக்கினேன். 4.7 கிலோ ஓம், 4700 மைக்ரோ ஃபாரட். இப்போது மீட்டர் பங்கு அரை சதவீதம்கூட இல்லை. 9.14 வரை ஏறியது. அதில் 63.2 சதவீதம் ஏறுவதற்கு எடுத்த அதே 24 வினாடிதான், இறங்கும்போது அவ்வளவும் போய் மீதி 36.8 சதவீதத்துக்கு, அதாவது 3.36 வோல்டுக்கு வரவும் எடுத்தது. ஏற்றமும் இறக்கமும் ஒரே வளைகோட்டைக் கவிழ்த்துப் போட்டது போல இருந்தன. வரைபடத் தாளில் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

எல்இடி மாட்டி மெல்ல மங்குவதையும் பார்த்தோம். பார்க்க நன்றாக இருந்தது, அளவு எதுவும் எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள்: ஃபேன் கண்டன்சர்

இப்போது கை பழகிவிட்டது. ஃபேனிலிருந்து கழற்றிய கண்டன்சரைத் தொடும் முன் கால்களை ரெசிஸ்டரால் சேர்த்து வடித்துவிட வேண்டும். வீட்டு மின்சாரத்தில் இருந்த பொருள், உள்ளே சார்ஜ் மிச்சம் இருக்கலாம். இந்தச் சோதனைக்கு 9 வோல்ட் பேட்டரியே போதும். கரண்டில் சொருகிப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். இது படல வகை, பிளஸ் மைனஸ் கிடையாது, கசிவும் மிகமிகக் குறைவு.

தனியாக ரெசிஸ்டர் தேவைப்படவில்லை. மூன்று நாளாக இடைஞ்சலாக இருந்த மீட்டரின் 1 மெகா ஓமே இங்கே ரெசிஸ்டர். கண்டன்சரில் மீட்டரை மாட்டி, பேட்டரியைத் தொட்டு 9.2-க்கு ஏற்றி, பேட்டரியை எடுத்துவிட வேண்டும். 9.2-ல் 36.8 சதவீதமான 3.4 வோல்டுக்கு இறங்க எத்தனை வினாடி ஆகிறதோ, அத்தனை மைக்ரோ ஃபாரட்! 1 மெகா ஓம் என்பதால் பெருக்கக்கூட வேண்டாம்.

ஒப்பிட ஒரு புதுக் கண்டன்சர் வாங்கி வைத்திருந்தேன். மீட்டர் ஒரு வினாடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றுகிறது, அதனால் ஒரே அளவை நம்ப முடியாது. வீடியோ எடுத்துப் பத்து முறை செய்தோம். புதியது 2.4-க்கும் 2.7-க்கும் நடுவில் வந்தது. எலக்ட்ரீஷியன் கழற்றிக் கொடுத்த பழையதைப் போட்டதும் எண்கள் சரசரவென்று விழுந்தன. பத்து முறையும் 1.3-லிருந்து 1.5-க்குள்.

இந்த வகைக் கண்டன்சரில் பிளாஸ்டிக் படலத்தின் மேல் மிக மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். எங்காவது ஓர் இடத்தில் படலம் தாங்காமல் போனால், அந்த இடத்து உலோகம் மட்டும் ஆவியாகி விலகிவிடும். கண்டன்சர் சாகாது, ஆனால் ஒரு புள்ளி அளவு பரப்பு போய்விடும். வருடக்கணக்கில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் போனால் மைக்ரோ ஃபாரட் தேய்ந்துகொண்டே வரும். கண்டன்சர் தேயத் தேய அதன் வழியாக ஃபேனின் துணைச் சுருளுக்குப் போகும் கரண்ட் குறைந்து, சுழற்றும் விசையும் குறைகிறது. அதைத்தான் அவர் வீக் என்றார்.

பழைய கண்டன்சரில் 2.5 என்று அச்சிட்டிருப்பதன் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் 1.4 என்று எழுதி, தேதியும் போட்டு டப்பாவில் வைத்திருக்கிறேன். படுக்கையறை ஃபேனும் இப்போது கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடுகிறது. அடுத்த முறை எலக்ட்ரீஷியன் வரும்போது அதையும் கழற்றித் தரச் சொல்ல வேண்டும்.