ஒரே ஒரு ஒன்ஸ்மோர்

“தம்பி, அந்த கைடு பொண்ணு, ஸ்ட்ராஸ் பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்டாங்கன்னுதானே சொன்னா? நீங்க ஃப்ளாப்னு சொல்லிட்டீங்களே?”

எங்கள் டூரில் வந்திருந்த டீச்சர் இதைக் கேட்டது இரவுச் சாப்பாட்டு வரிசையில். கையில் தட்டு. தயிர் தீர்ந்துவிட்டது என்று இன்னொரு பக்கம் புகார் வந்துகொண்டிருந்தது. “அப்படியா டீச்சர், கவனிக்கல” என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் சொன்னது வேறு: “அந்த ஊர்க் கணக்குல ஒரே ஒரு ஒன்ஸ்மோர்னா ஃப்ளாப்தான் டீச்சர்.” அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஓ” என்றார். சப்பாத்தி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வருஷம் ஆகிறது. அந்த ‘ஓ’ இன்னும் போகவில்லை.

வியன்னாவில் லைசென்ஸ் உள்ள உள்ளூர் கைடுதான் ஊரைச் சுற்றிக் காட்டுவார். அவர் ஆங்கிலத்தில் பேசப் பேச, டூர் மேனேஜர் நான் தமிழில் சொல்ல வேண்டும். ஷ்டாட்பார்க் பூங்காவில் தங்கமாக மின்னும் இசையமைப்பாளர் யோஹான் ஸ்ட்ராஸ் சிலைக்கு எங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிஷம். அதில் ஆறு நிமிஷம் போட்டோவுக்குப் போய்விடும். மீதி நாலு நிமிஷத்தில் அவருடைய ‘நீல டான்யூப்’ வால்ட்ஸின் (ஜோடியாக ஆடும் நடனத்துக்கான இசை) கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். நடுவில் யாராவது “நேத்து பார்த்த டான்யூப் ஆறு நீலமாவே இல்லையே சார்” என்பார்கள். அந்தத் தலைப்பு கார்ல் பெக் என்ற கவிஞரின் வரியிலிருந்து வந்தது, ஆற்றைப் பார்த்து வைத்ததில்லை என்று சொல்ல அரை நிமிஷம்.

அன்று கைடு சொன்னது இவ்வளவு. 1866-ல் கோனிக்ராட்ஸ் போரில் பிரஷ்யாவிடம் ஆஸ்திரியா தோற்றது. அடுத்த வருஷக் கொண்டாட்டக் காலத்தில் ஊருக்கே உற்சாகம் இல்லை. வியன்னா ஆண்கள் பாடகர் சங்கம் ஸ்ட்ராஸிடம் ஒரு வால்ட்ஸ் கேட்டு வாங்கியது. ஆமாம், முதலில் அது பாட்டு. சங்கத்துக்காக வரிகளை எழுதிய யோசப் வைல் போலீஸ் இலாகாவில் வேலை பார்த்தவர். 1867 பிப்ரவரி 15 அன்று டயானாபாட் மண்டபத்தில் அரங்கேற்றம். அது நீச்சல்குளம், குளிர்காலத்தில் குளத்தை மூடித் தளம் போட்டுவிடுவார்கள். ராணுவ பேண்டு ஒன்று வாசித்தது. பத்திரிகைகள் நன்றாகவே எழுதின. ஆனால், ஒரே ஒரு ஒன்ஸ்மோர்தான் கிடைத்தது. இதைச் சொல்லும்போது அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

நான் தமிழில் சொன்னது: “யுத்தத்துல தோத்த சோகம். பாட்டு ஃப்ளாப். மனுஷன் நொந்துபோயிட்டார். அப்புறம் பாரிஸ் கண்காட்சிக்குப் போனார், சூப்பர்ஹிட்!” முப்பத்தெட்டுப் பேரும் தலையாட்டினார்கள். சொந்த ஊரில் மதிப்பில்லை, வெளியூர் போய் ஜெயித்தான் என்றால் நம் ஆட்களுக்கு விளக்கமே வேண்டாம்.

நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஸ்ட்ராஸின் வால்ட்ஸ்களுக்குத் திரும்பத் திரும்ப ஒன்ஸ்மோர் கேட்பது அந்த ஊர்ப் பழக்கம். அவருக்கு ஒன்று என்பது குறைச்சல்தான். “வால்ட்ஸ் நாசமாப் போகட்டும், அந்தக் கோடா வீணாப் போச்சேன்னுதான் வருத்தம்” என்று அவரே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. கோடா என்றால் கடைசியில் வரும் முடிப்பு. இசையமைத்தவரே நொந்துகொண்டதை நான் ஃப்ளாப் என்று சொன்னால் என்ன தப்பு? முழங்கால் வலியோடு பன்னிரண்டு நாள் பஸ்ஸில் வருகிறவர்களிடம் “பாராட்டும் இருந்தது, எதிர்பார்த்த அளவு இல்லை” என்று இழுத்துக்கொண்டிருக்க முடியுமா?

இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் உட்கார்ந்து தேதிகளைப் பார்த்தேன். பாட்டு இல்லாமல் ஆர்கெஸ்ட்ரா மட்டும் வாசித்த வடிவம் மார்ச் 10 அன்று வியன்னாவின் ஃபோல்க்ஸ்கார்டன் பூங்காவிலேயே மேடையேறியிருக்கிறது. இருபத்து மூன்றே நாளில், அதே ஊரில்! பாரிஸ் அதற்கெல்லாம் பிறகுதான். லண்டனில் கோவென்ட் கார்டன் கச்சேரிகள் அதற்கும் பிறகு. ஊத்திக்கொண்ட சரக்கை யாராவது ஒரு மாதத்துக்குள் அதே கடையில் மறுபடி பரப்புவார்களா?

இதைவிட உறுத்துவது இன்னொன்று. கதையின் ருசியான இடத்தையே நான் விட்டுவிட்டேன். வைலின் வரிகள் இப்படித் தொடங்கும்: “வியன்னாக்காரரே, குஷியா இருங்க!” உடனே எதிர்க்கேள்வி: “ஓஹோ, எதுக்காம்?” தோற்றுப்போன ஊர், நீச்சல்குளத்தின் மேல் நின்றுகொண்டு, தன்னைத்தானே கிண்டல் செய்து பாடியிருக்கிறது. நம் ஊர் நாடகக் கொட்டகையில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த ‘எதுக்காம்’ எப்படிப் பிடித்திருக்கும்! 1890-ல் வேறு வரிகள் வந்தன, ஆறும் அழகுமாக. இப்போது பெரும்பாலும் வரியே இல்லாமல்தான் கேட்கிறோம். புத்தாண்டு பிறக்கும் நொடியில் ஆஸ்திரிய வானொலி போடுவதும் இதைத்தான். ஒருவேளை அன்றைக்கு எடுபடாதது வரிகள் மட்டும்தானோ? இதையும் நானாக ஒரு கதையாக்கப் பார்க்கிறேன் போல.

டீச்சரிடம் திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். மறுநாள் முழுக்க அதே பஸ்தான், அவருக்கு மூன்றாவது வரிசை. சால்ஸ்பர்க் வந்தது, ஹோட்டல் அறைச் சாவிகளைக் கொடுத்தேன். சென்னை விமான நிலையத்தில் “நல்லா பார்த்துக்கிட்டீங்க தம்பி” என்று கையைப் பிடித்துச் சொன்னார். அப்போதும் சொல்லவில்லை.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. ஃப்ளாப் தமிழ்ச் சொல் இல்லை. அந்த கைடு ஆங்கிலத்தில் பிழைப்பவர். ஜெர்மனிலும் அதே சொல் உண்டு. பக்கத்தில் நின்றுகொண்டு எத்தனை ட்ரிப் கேட்டிருப்பார்!

அடுத்த சீசனில் அவரே வந்தார். அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. சிலை முன்னால் கதை அந்த இடத்துக்கு வந்தபோது விரலைத் தூக்கினார். வழக்கமாக உடனே இறக்கிவிடுவார். அன்று தூக்கியபடியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். “ஒரு ஒன்ஸ்மோர் கேட்டாங்க” என்றேன். விரல் இறங்கியது.

போன மாதம் வேறு கைடு. மழை வேறு. பாதிப் பேர் குடை இல்லாமல் பஸ்ஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஃப்ளாப் என்றுதான் சொன்னேன்.