முகத்தை மறைத்தால் மட்டும் போதாது: அடையாளம் காட்டாமல் பேட்டி எடுப்பது

"எடிட்டிங்ல ப்ளர் போட்டுக்கலாம்." சமூகப் பிரச்சினைகளைப் பேசும் வாராந்திர நிகழ்ச்சிகளில் பாதிக்கப்பட்டவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்தப் பேச்சால்தான். பேசுகிறவர் குனிந்து கண்ணைத் துடைத்தாலே, ப்ளர் முகத்தைப் பின்தொடரும் டிராக்கிங் நழுவும். நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடுகிறது; அதில் இரண்டு நழுவினால் போதும், யூடியூபில் நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுவார்கள்.

அதனால் மறைக்கிற வேலையைப் படப்பிடிப்பிலேயே முடித்துவிடுகிறோம். வெளிர் நிறச் சுவருக்கு ஐந்தாறு அடி முன்னால் அவரை உட்காரவைத்து, விளக்குகளைச் சுவர் மீது மட்டும் அடிப்போம். கேமராவுக்குள் வரும் ஒளியின் அளவை, அதாவது எக்ஸ்போஷரை, சுவருக்கு ஏற்றபடி கையால் (மேனுவலில்) வைப்போம்; அப்போது முகம் இருட்டு நிழலுருவாகப் பதியும். வெளிச்சத்தைக் கேமரா தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஐரிஸ், ஆட்டோ கெயின் இரண்டும் அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்ததும் கேமரா தானாகவே முகத்தை வெளிச்சமாக்கிவிடும். வெள்ளைத் தரையும் நிருபரின் வெள்ளைச் சட்டையும்கூட ஒளியைத் திருப்பி அடிக்கும். தரையில் கறுப்புத் துணி விரிக்கிறோம். இருண்ட பகுதிகளின் விவரத்தையும் சேர்த்துப் பதியும் லாக் முறையில் பதிவு செய்தால், மானிட்டரில் இருட்டாகத் தெரிகிற முகம், எடிட்டிங்கில் ஷேடோவைத் தூக்கியதும் (இருண்ட பகுதியை வெளிச்சமாக்கியதும்) கண்ணும் மூக்குமாக எழுந்து வரும். முதல் ஒரு நிமிடத்தை எடுத்ததும் லேப்டாப்பில் போட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மேலே போவது.

பக்கவாட்டு நிழலுரு திரையில் அழகாக இருக்கும். ஆனால் மூக்கும் தாடையும் கோடு போட்டதுபோல் தெரியும். சொந்தக்காரர்களுக்கு அதுவே போதும். நேர்முகமாக, தலையில் துப்பட்டாவோ முந்தானையோ போர்த்தி எடுப்பது பாதுகாப்பு. கையை மட்டும் காட்டலாம் என்பார்கள். பச்சை குத்தியது, வளையல், தழும்பு எல்லாம் அங்கேதானே இருக்கிறது! சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஊர்க் கடையின் பெயர் இருக்கும், கொடியில் பள்ளிச் சீருடை காயும். முடிந்தால் அவர் வீட்டில் எடுக்கவே கூடாது.

குரலில் பிட்சை (சுருதியை) மட்டும் மாற்றுவது ஏமாற்று வேலை. கீழே இறக்கியதை யாரும் திரும்ப மேலே ஏற்றிக் கேட்கலாம். ஏற்றாவிட்டாலும் வட்டார வழக்கும் இழுத்துப் பேசும் பாணியும் அப்படியேதான் இருக்கும். வேறொருவரை வைத்து டப்பிங் செய்வதே வழி. பேட்டி கொடுத்தவர் பேச்சில் விட்ட இடைவெளிகளை டப்பிங்கிலும் அப்படியே விட்டால் உணர்ச்சி அவ்வளவாகக் குறையாது. டப்பிங்குக்குக் கீழே மூலக் குரலை மெல்லிசாக ஓடவிடுவது மொழிபெயர்ப்புப் பேட்டிகளில் வந்த பழக்கம்; இங்கே அதை அடியோடு நிறுத்த வேண்டும். நிருபர் "அக்கா" என்றே கூப்பிடட்டும். பெயர் சொல்லிவிட்டு பிறகு பீப் போட்டால், எத்தனை எழுத்துப் பெயர் என்பது தெரிந்துவிடுகிறது.

சட்டம் முகத்தோடு நிற்கவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் எல்லாவற்றையும் தடுக்கிறது. பெற்றோரின் கையெழுத்து இதற்குச் செல்லாது. அனுமதி தரக்கூடியது சிறப்பு நீதிமன்றம்தான். பாலியல் வன்முறைக்கு ஆளான பெரியவர்களுக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு இருந்த இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவு இருக்கிறது. அடையாளத்தை வெளியிட்டால் 2 ஆண்டு வரை சிறை. மறைமுகமாகக்கூட அடையாளம் தெரியக் கூடாது என்று நிபுன் சக்சேனா வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. "இன்ன ஊர் அரசுப் பள்ளி பத்தாம் வகுப்பு மாணவி" என்று வாய்ஸ் ஓவர் எழுதுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

எபிசோடில் எல்லாம் சரியாக இருந்தாலும் புரோமோ காலை வாரும். புரோமோ எடிட்டர் ரஷ்ஷஸிலிருந்து (எடிட் செய்யாத மூலப் பதிவிலிருந்து) நேரடியாக எடுப்பார். ரீல்ஸுக்காக நெட்டுக்குத்தாக வெட்டும்போது, தனி லேயரில் இருந்த ப்ளர் இடம் மாறிவிடும். மறைப்பும் டப்பிங்கும் சேர்த்து எக்ஸ்போர்ட் செய்த கிளிப் மட்டுமே பொது சர்வரில் இருக்கலாம். ரஷ்ஷஸ் தயாரிப்பாளரின் டிரைவில் பூட்டு போட்டு இருக்கட்டும்.

கடைசிச் சோதனை அலுவலகத்தில் நடந்து பயனில்லை. அங்கே யாருக்கும் பேட்டி கொடுத்தவரைத் தெரியாது. அவரே தேர்ந்தெடுக்கும் நெருக்கமான ஒருவருக்கு முழுப் பகுதியையும் போட்டுக் காட்டுகிறோம். முதலில் ஒலி இல்லாமல், பிறகு ஒலியோடு. "இது அவ செருப்பு" என்று அவர் கைகாட்டினால் அந்த ஷாட் போய்விடும்.