கேமரூன் கொண்டுவந்த காகிதம்

பிரெக்ஸிட் பற்றி, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறியது பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் நேராக வாக்கெடுப்பு நடந்த 2016 ஜூன் 23-க்குப் போய்விடுகிறார்கள். எனக்கு என்னவோ அதற்கு நாலு மாதம் முன்னால் நடந்த பேரம்தான் சுவாரசியம். பிப்ரவரி 18, 19 இரண்டு நாளும் பிரஸ்ஸல்ஸில் 28 நாட்டுத் தலைவர்கள் உட்கார்ந்து, ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரிட்டன் எந்த நிபந்தனைகளோடு இருக்கும் என்று திருத்தி எழுதினார்களே, அது. வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டோடு கையெழுத்தாகிவிடும் என்றார்கள். அந்தக் காலைச் சாப்பாடு தள்ளித் தள்ளி ராத்திரிச் சாப்பாடாகிவிட்டது, நடுவில் அப்போதைய ஜெர்மன் சான்ஸலர் (ஆட்சித் தலைவர்) ஏஞ்சலா மெர்க்கல் வெளியே போய்க் கடையில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

அப்படி இழுத்து இழுத்து அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூனுக்கு என்னதான் கிடைத்தது? அந்த முடிவின் வாசகத்தை உட்கார்ந்து படித்தால், வழக்கறிஞருக்குப் பிடிக்கும், வாக்காளருக்குத் தூக்கம் வரும். ஒன்றிய நாடுகளிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு, குறைந்த சம்பளக்காரர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையை நாலு வருடம் வரை குறைத்துக் கொடுக்கலாம், ஆனால் நாலு வருடமும் முழுசாக மறுக்க முடியாது, முதலில் ஒன்றுமில்லாமல் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும், அந்த ஏற்பாடும் ஏழு வருடத்துக்குத்தான், அதற்கும் மற்ற நாடுகளின் அனுமதி வேண்டும், அப்புறம் ஐரோப்பிய நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும். வேறு நாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் போகும் உதவித்தொகையை நிறுத்த முடியாது, அந்தந்த நாட்டு வாழ்க்கைச் செலவுக்கு ஏற்ப மாற்றலாம், ஏற்கெனவே வாங்குபவர்களுக்கு 2020 முதல். உறுப்பு நாடுகளின் நாடாளுமன்றங்களுக்கு ஒதுக்கிய வாக்குகளில் 55 சதவீதத்துக்கு மேல் சேர்ந்தால் ஒன்றியத்தின் ஒரு சட்ட முன்வடிவுக்குச் சிவப்பு அட்டை காட்டி நிறுத்தலாம். ‘மேலும் மேலும் நெருங்கும் ஒன்றியம்’ என்ற லட்சியம் பிரிட்டனைக் கட்டுப்படுத்தாது. யூரோ நாடுகளின் நெருக்கடிக்குப் பிரிட்டன் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கடைசி இரண்டும் உண்மையிலேயே பெரிய விஷயம் என்பது என் கருத்து. ஆனால் அதை ஓட்டாக மாற்ற முடியுமா?

2010 தேர்தலில் கேமரூன் கொடுத்த வாக்குறுதி நிகரக் குடியேற்றத்தை (வருபவர்களில் போகிறவர்களைக் கழித்தது) வருடத்துக்குச் சில பத்தாயிரங்களுக்குள் கொண்டுவருவதாக. 2015 ஆகஸ்டில் வந்த கணக்கில் அது சுமார் 3,30,000. மக்கள் கேட்ட கேள்வி எத்தனை பேர் வருகிறார்கள் என்பது. மக்கள் தடையின்றிப் போய்வருவது ஒன்றியத்தின் அடிப்படை, அதில் கைவைக்க விடமாட்டோம் என்பதில் மெர்க்கல் உறுதியாக இருந்ததால், எண்ணிக்கையை விட்டுவிட்டு உதவித்தொகையைப் பிடித்துக்கொண்டார் கேமரூன். கேள்வி ஒன்று, பதில் வேறொன்று. அவர் கட்சி எம்பி ஜேக்கப் ரீஸ்-மாக், வரைவு வந்த மறுநாளே, ஏற்கெனவே நீர்த்த கஞ்சியில் இன்னும் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்று சபையில் கிண்டலடித்தார்.

இதே நாடு இதே வேலையை அதற்கு 40 வருடம் முன்னால் ஒருமுறை செய்திருக்கிறது. 1973 ஜனவரியில் சேர்ந்தார்கள், அடுத்த வருடமே ஆட்சிக்கு வந்த ஹரால்டு வில்சன் நிபந்தனைகளைத் திருத்தப்போகிறேன் என்று கிளம்பினார். 1975 மார்ச்சில் டப்ளினில் பேரம் முடிந்தது. கிடைத்தது என்ன? நியூசிலாந்து வெண்ணெய்க்குக் கொஞ்சம் சலுகை, பிரிட்டன் கட்டும் பங்குத்தொகையில் ஒரு திருத்த ஏற்பாடு. சேர்ந்தபோது போட்ட ஒப்பந்தத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. அமைச்சரவையில் 16 பேர் ஆதரவு, 7 பேர் எதிர்ப்பு. இருந்தும் ஜூன் 5 வாக்கெடுப்பில் 67 சதவீதம் பேர் இருப்போம் என்றார்கள்.

கேமரூன் கொண்டுவந்ததை விட அது கனமான காகிதம் இல்லை. கேட்டவர்கள்தான் வேறு. அன்றைக்குப் பத்திரிகைகள் ஏறக்குறைய எல்லாம் இருப்போம் பக்கம், எதிர்க்கட்சித் தலைவி மார்கரெட் தாட்சரும் அதே பக்கம். 2016-இல் அதிகம் விற்கும் சன், டெய்லி மெயில் இரண்டும் வெளியேறச் சொல்லின. பிப்ரவரி 20 சனிக்கிழமை கேமரூன் வாக்கெடுப்புத் தேதியை அறிவித்தார், அன்றே மைக்கேல் கோவ் உள்பட அவருடைய அமைச்சர்கள் சிலர் எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள், மறுநாள் அவர் கட்சிக்காரரான லண்டன் மேயர் போரிஸ் ஜான்சன்.

இன்னொன்றும் உண்டு. 2013 ஜனவரியில் வாக்கெடுப்பை அறிவித்ததிலிருந்து மூன்று வருடம் இந்த ஒன்றியம் இப்படியே இருந்தால் சரிவராது என்று சொன்னவரே கேமரூன்தான், பேரம் சரியாக அமையாவிட்டால் எதையும் ஒதுக்கமாட்டேன் என்றும் சொன்னார். அப்படிப்பட்டவர் ஒரு வாரக்கடைசியில் திரும்பி வந்து, இப்போது சரியாகிவிட்டது, வெளியே போனால் பொருளாதாரமே ஆடிப்போகும் என்றால் கேட்பவன் என்ன நினைப்பான்? அவ்வளவு ஆபத்து என்றால் வாக்கெடுப்பே எதற்கு வைத்தாய் என்றுதானே. பிரசாரம் சூடு பிடித்ததும் அவர் தரப்பே அந்தக் காகிதத்தைப் பற்றி வாய் திறப்பதைக் குறைத்துக்கொண்டது.

நடுவில் ஒரு வேடிக்கை: அந்த வாக்கெடுப்பில் பிரிட்டனில் சட்டப்படி குடியிருந்த இந்தியர், இலங்கையர் ஓட்டுப் போடலாம், காமன்வெல்த் நாட்டவர் என்பதால். யாருடைய உதவித்தொகையைப் பற்றி இரண்டு நாள் பேரம் நடந்ததோ அந்தப் போலந்துக்காரருக்கு ஓட்டு இல்லை.

வெளியேறுவோம் 51.9 சதவீதம், இருப்போம் 48.1. பிப்ரவரி பேரத்தின் முடிவிலேயே ஒரு வரி இருந்தது, வெளியேறுவது என்று மக்கள் தீர்மானித்தால் இந்த ஏற்பாடு தானாகவே இல்லாமல் போகும் என்று. அப்படியே போனது. ஜூன் 24 காலை கேமரூன் பதவி விலகுவதாக அறிவித்த செய்தியை எல்லோரும் பார்த்தோம், அந்தக் காகிதம் செத்ததை யாராவது கவனித்ததாக எனக்கு நினைவில்லை.